ஆறுமணிக்குருவி வீட்டுக்கு வந்த கதை

வேலூர்ப் பக்கத்து மூன்று ஊர்க்காரர்கள் சொன்னது.

சத்துவாச்சாரி:

போன அக்டோபரில் மழை விட்ட ஒரு விடியற்காலை. பின்பக்கக் கண்ணாடி ஜன்னலில் 'தட்' என்று சத்தம். பிள்ளைகள் எறிந்த பந்தாக இருக்கும் என்று போய்ப் பார்த்தால், துளசி மாடத்தை ஒட்டி ஒரு குருவி சாய்ந்து கிடக்கிறது. மைனாவைவிடச் சின்னது. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். முதுகு பச்சை, மார்பு சந்தன நிறம், கண்ணோரம் மை அப்பினதுபோலக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இறக்கை விலகினபோது ஒரு நீலம் தெரிந்தது பாருங்கள், அதை எந்தச் சேலையிலும் நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு ஆயா தெலுங்கு பேசுகிறவர். எட்டிப் பார்த்து, "பாபம், பிட்ட" என்றார். உலகம் முழுக்க இந்த இனத்துக்கு வழங்கும் பெயரே பிட்டாதான், தெலுங்கிலிருந்து போனது. பிற்பாடு இதை ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நாங்க எல்லாக் குருவியையும் பிட்டன்னுதான் சொல்லுவோம்" என்று போய்விட்டார்.

மகன் குருவியின் வாயில் தண்ணீர் ஊற்றப் போனான். மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று தடுத்தேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, இருட்டறையில் வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே குதிக்கிற சத்தம். மாமரத்தடியில் திறந்துவிட்டால், பறக்கவே இல்லை! தத்தித் தத்திச் சருகுக்குள் போய், இலை இலையாகப் புரட்டிப் பூச்சி தேட ஆரம்பித்துவிட்டது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருகிற பறவை இது. பயணம் இரவில்தான். களைத்து இறங்குவது இப்படி யார் வீட்டிலாவது நடக்கும். இந்த மொட்டை வாலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமா என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஒடுகத்தூர்:

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓடையோரப் புதர்களில் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டது பத்து முறை என்றால் பார்த்தது ஒரு முறை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் அடிக்கும், பெயரே அதனால்தான். பார்க்கப் போகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், தரையைப் பாருங்கள். சருகு சலசலக்கும், ஓணான் என்று நினைப்பீர்கள். கூப்பிடும்போது மட்டும் கிளையேறி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கூப்பிடும்.

குடியாத்தம்:

எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டிக்கு வேலையே வரவில்லை, பூனை முந்திக்கொண்டது. கொல்லையில் ஒரு இறக்கை மட்டும் கிடந்தது. அந்த நீலத்தை வைத்துத்தான் எந்தக் குருவி என்று கண்டுபிடித்தோம். இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்தால் ராத்திரியில் பூனையைச் சமையலறைக்குள் விட்டுப் பூட்டிவிடுகிறோம். அது விடிய விடியக் கத்துகிறது.