தைராய்டு கட்டி, ஊசி டெஸ்ட், பயாப்ஸி: காரைக்குடி பக்கத்து அனுபவங்கள்

தேவகோட்டை மகள்:

தை மாசம் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்திக் கல்யாணம். லாக்கர்லேருந்து எங்க பக்கத்துப் பெரிய தாலியான கழுத்திருவை எடுத்து வந்து பெரியாத்தாதான் அம்மாவுக்குப் போட்டுவிட்டாக. போட்டவுக கையை எடுக்காம, "என்னடி இது, எலுமிச்சங்காய் கணக்கா?"ன்னு கேட்டாக. அம்மா, "சதைதான் அக்கா"ன்னு சொல்லிட்டு காப்பி டம்ளரை வாயில வச்சாக. முழுங்க முழுங்க அந்த உருண்டையும் ஏறி இறங்குச்சு. முகப்புல நின்ன அத்தனை பேரும் பார்த்தோம். அப்புறம் முந்தின தீபாவளி போட்டோவை எடுத்துப் பார்த்தா அதுலயும் இருக்கு. நாங்கதான் கவனிக்கலை.

டாக்டரும் முதல்ல ஒரு டம்ளர் தண்ணிதான் கொடுத்தாரு. முழுங்கும்போது கட்டி மேல ஏறினா அது தைராய்டைச் சேர்ந்ததாம். நாக்கை நீட்டும்போதும் ஏறினா பிறவியிலேயே வர்ற நீர்க்கட்டியா இருக்கலாமாம். ரத்தத்துல டி.எஸ்.எச். சரியா இருந்துச்சு. அதனால கேன்சர் இல்லைன்னு நாங்களே முடிவு கட்டிட்டோம். அது தப்பு. சுரப்பி ஒழுங்கா வேலை செய்யுதான்னு மட்டும்தான் அந்த டெஸ்ட் சொல்லும், கட்டி எந்த ரகம்னு சொல்லாது. ஸ்கேன்ல வலது பக்கம் 2.8 செ.மீ. ஊசி டெஸ்ட் எழுதிக் கொடுத்தாரு.

தோளுக்கு அடியில தலகாணி வச்சு, கழுத்தை அண்ணாக்க விட்டு, "கொஞ்ச நேரம் எச்சி முழுங்காதீக"ன்னு சொன்னாக. ரத்தம் எடுக்கிற ஊசியை விட மெல்லிசு. ஒரு சொட்டு கண்ணாடி மேல விழுந்துச்சு, இன்னொரு கண்ணாடியை வச்சு இழுத்தாக. பாதி ஸ்லைடு ஸ்பிரிட்டுக்குள்ள போச்சு, பாதியைக் காத்துல காய வச்சாக. மொத்தமே பத்து நிமிஷம்.

ரிப்போர்ட்: பெதெஸ்டா 4 (ஊசி டெஸ்ட் முடிவை 1லேருந்து 6 வரை பிரிக்கிற கணக்கு), ஃபாலிக்குலர் நியோபிளாசம்.

அப்பச்சி கூகுள் பண்ணிட்டு ரெண்டு நாள் சாப்பிடலை. மலேசியாவுல இருக்கிற சித்தப்பா போன் பண்ணி, "ஊசி குத்தினாலே பரவிடும், ஏன் குத்துனீக?"ன்னு சத்தம் போட்டாக. கடைசியில ரிப்போர்ட் எழுதின பேதாலஜி டாக்டரையே நேர்ல பார்த்தோம். அவரும் இந்தப் பக்கத்துக்காரர். சொன்னது இது: "வீட்டுக்குள்ள இருக்கிற ஆளுகளைக் கூப்பிட்டு விசாரிச்ச மாதிரிதான் ஊசி. ஆளுகளைப் பார்த்து, இவுக மதிலைத் தாண்டினாகளா இல்லையான்னு எப்படிச் சொல்றது? மதிலைச் சுத்தி வந்து பார்க்கணும். அதுக்குக் கட்டி முழுசா என் கைக்கு வரணும்."

மதுரையில வலது பக்கத்தை மட்டும் எடுத்தாக. ஒன்பதாம் நாள் ரிப்போர்ட்: ஃபாலிக்குலர் அடினோமா, உறை எங்கயும் உடையலை. கேன்சர் இல்லை.

அந்த ஒன்பது நாள் எப்படிப் போச்சுன்னு எழுதத் தெரியலை. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

மைக்ரோடோம் அண்ணன், காரைக்குடி:

ஆச்சி, நான் லேப்ல 22 வருஷமா இருக்கேன். நீங்க பார்த்தது ஸ்லைடு இழுக்கிறது வரைக்கும். அதுக்கு அப்புறம் நடக்கிறதுலதான் எங்க பொழப்பு இருக்கு.

தைராய்டு ரத்தம் நிறைய ஓடுற இடம். ஊசியைக் கொஞ்சம் அதிக நேரம் வச்சா ரத்தம்தான் வரும், செல் வராது. ஸ்லைடுல குறைஞ்சது ஆறு கொத்து, கொத்துக்குப் பத்து செல்லாவது இருந்தாத்தான் டாக்டர் வாயைத் திறப்பாரு. இல்லைன்னா பெதெஸ்டா 1, திரும்பக் குத்தணும். பேஷண்ட் எங்களைத் திட்டுவாக. '1'ன்னு வந்தா நல்லதுன்னு நினைச்சுக்கிட்டு ஒருத்தர் ஒரு வருஷம் வராமலேயே இருந்துட்டாரு. 1ன்னா நல்லது இல்லை, 'ஒண்ணும் தெரியலை'ன்னு அர்த்தம். 2தான் நல்லது.

இன்னொரு கதை. ஆபரேஷன் பண்ணி எடுத்த சுரப்பியை ஊறுகாய் பாட்டில்ல போட்டு அனுப்பியிருந்தாக. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். குறுகின வாய். பச்சையா இருக்கும்போது நழுவி உள்ள போயிருச்சு. சதை கெடாம வைக்கிற ஃபார்மலின்ல ஒரு ராத்திரி ஊறினதும் கட்டையா விறைச்சுப் போச்சு, வெளிய வரலை. பாட்டிலைத் துணியில சுத்தி உடைச்சோம். கண்ணாடிச் சில்லு ஒண்ணாவது சதையில ஒட்டியிருந்தா என் மைக்ரோடோம் (சதையை மெல்லிசா சீவுற மெஷின்) கத்தி போயிருக்கும். ஃபார்மலினும் அரைப் பாட்டில்தான். சதையைப் போல பத்து மடங்கு இருக்கணும், இல்லைன்னா நடுப்பகுதி அழுகிப்போகும், டாக்டருக்குப் படிக்க ஒண்ணும் மிஞ்சாது. அகல வாய் டப்பா ஒண்ணு என்ன விலை இருக்கும்?

ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வாங்கிட்டுப் போயிடாதீக ஆச்சி. ஸ்லைடையும், சதைத் துண்டை மெழுகுல பதிச்சு வச்ச பிளாக்கையும் கேட்டு வாங்கி வைங்க. பின்னால வேற டாக்டர் பார்க்கணும்னா அதுதான் சரக்கு.

கொலாய்டு பார்ட்டி:

எனக்கு 2. கொலாய்டு கட்டி. ஆறு வருஷமா அதே சைஸ். அப்பத்தாவுக்கும் இருந்துச்சு, 88 வயசு வரை இருந்தாக, கட்டியும் கூடவே இருந்துச்சு. எழுத வேற ஒண்ணும் இல்லை.

பள்ளத்தூர் டீச்சர்:

என்னுடையது 6. பாப்பிலரி கார்சினோமா, தைராய்டு கேன்சரில் ஒரு ரகம். அப்போது வயது 34.

தைராய்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நெறி, அவ்வளவுதான். டிபி என்று நினைத்து அதில் ஊசி போட்டார்கள். நெறிக்குள் தைராய்டு செல்கள் இருந்தன. பாப்பிலரி நிணநீர் வழியாகப் போகிற ரகம் என்பதால், ஊற்றுக்கு முன்னால் நெறி தலைகாட்டுவது உண்டாம். தைராய்டில் இருந்த மூலக்கட்டி 9 மி.மீ. தான்.

நான் அறிவியல் டீச்சர். விடவில்லை, மைக்ராஸ்கோப்பில் காட்டுங்கள் என்று கேட்டேன். காட்டினார்கள். ஊதாவும் ரோஸும். செல்லின் உட்கரு நடுவில் காப்பிக்கொட்டைக்கு இருப்பதுபோல ஒரு வகிடு. சில உட்கருக்கள் உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி வெளுத்துக் கிடந்தன. இந்த வெளுப்புதான் பாப்பிலரிக்கு அடையாளமா என்று கேட்டதற்கு அந்த டாக்டர் சொன்ன பதில் எனக்கு இன்றும் ஆச்சரியம். அந்த வெளுப்பு உயிரோடு இருக்கும் செல்லில் கிடையாதாம். ஃபார்மலினில் ஊறி, மெழுகில் ஏறிய பிறகுதான் வருமாம். ஊசி ஸ்லைடில் அதைத் தேடினால் கிடைக்காது, அங்கே வகிட்டைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு மூலையில் வெங்காயம் அரிந்ததுபோல அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு உருண்டைகள். அவற்றின் பெயரே கிரேக்கத்தில் மணல் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஸ்கேனில் 'நுண்ணிய கால்சியம் புள்ளிகள்' என்று எழுதினால் டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவதற்கு இது ஒரு காரணம்.

சுரப்பியை முழுவதும் எடுத்தார்கள். மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்ந்தது. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டுகள் அதிர்ந்து கால்சியம் இறங்கியதாம். மாத்திரையில் சரியானது. அடுத்து கொடுத்த கதிரியக்க அயோடின் மருந்துக்கு முந்தைய இரண்டு வாரம் கடல் மீன், கருவாடு, அயோடின் உப்பு எதுவும் கிடையாது. செட்டிநாட்டுச் சமையல் வீட்டில் கருவாடு இல்லாமல் இரண்டு வாரம்! மருந்து வாங்கிக்கொண்ட பிறகு தனி அறை. வீட்டுக்கு வந்தும் சில நாள் பிள்ளையைத் தூக்கக் கூடாது. அவளுக்கு அப்போது மூன்று வயது. வளவின் (நடு முற்றத்தின்) அந்தத் தாழ்வாரத்தில் அவள், இந்தத் தாழ்வாரத்தில் நான். பந்தை உருட்டி உருட்டி விளையாடினோம்.

பதினோரு வருஷம் ஆகிறது. காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின், அரை மணி கழித்துத்தான் காப்பி. இதுதான் மிச்சம் இருக்கும் ஒரே தொந்தரவு.

பேர் வேண்டாம்:

இதை எழுதலாமா வேண்டாமான்னு நாலு நாளா யோசிச்சேன்.

எங்க அப்பாவுக்கு வந்தது தைராய்டு கேன்சர்ல மெடுல்லரிங்கிற ரகம். தைராய்டுல சி-செல்லுன்னு ஒண்ணு இருக்கு, கால்சிடோனின் சுரக்கிறது, அதுலேருந்து வர்றது. முதல்ல போன லேப்ல ஊசி ரிப்போர்ட்டை வேற மாதிரி எழுதிட்டாக. ரெண்டாவது டாக்டர் அதே ஸ்லைடை வாங்கிப் பார்த்துட்டு, "ரத்தத்துல கால்சிடோனின் பாருங்க"ன்னு ஒரே வரி எழுதினாரு. கன்னாபின்னான்னு ஏறியிருந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டிக்குள்ள அமிலாய்டுங்கிற புரதப் படிவு இருந்துச்சுன்னு ரிப்போர்ட். காங்கோ சிவப்புச் சாயம் ஏத்தி ஒரு தனி வெளிச்சத்துல பார்த்தா அது பச்சையா மின்னுமாம். மைக்ரோடோம் அண்ணன் ஸ்லைடை வாங்கி வைங்கன்னு சொல்றதை நான் ரெண்டு கையால ஆமோதிக்கிறேன்.

அதுக்கு அப்புறம்தான் பெரிய பேச்சு. மெடுல்லரியில நாலுல ஒண்ணு வாக்குல குடும்பத்து வழியா வர்றது, 'ரெட்'னு ஒரு மரபணு. அப்பாவுக்குப் பார்த்ததுல இருந்துச்சு. பிள்ளைக ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இல்லை. தங்கச்சிக்கு இருக்கு. அப்போ தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருந்த நேரம். "சொந்தத்துல அம்மான் மகனைக் கட்டின வீடு, அதான்"னு ஒரு ஆயா சொன்னாக. டாக்டர்கிட்ட அழுதுக்கிட்டே கேட்டோம். சொந்தத்துல கட்டினதுக்கும் இதுக்கும் தொடர்பே இல்லைன்னாரு. இது ஒரு பக்கத்துலேருந்து ஒரு பிரதி வந்தாலே போதும்கிற ரகம், எங்க நகரத்தார் பிரிவுகளான ஒன்பது கோயில்ல எங்க பொண்ணு எடுத்தாலும் அப்பாகிட்ட இருந்தா வரும்.

தங்கச்சி சுரப்பியைக் கட்டி பெருசாகறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. மாப்பிள்ளை வீட்டுல நாங்களே சொன்னோம். அவுக வேண்டாம்னுட்டாக. அடுத்து வந்தவுகளுக்கும் சொன்னோம். அவுக, "இப்ப நல்லாத்தானே இருக்கு பிள்ளை?"ன்னு கேட்டாக. அதோட சரி. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு.

மெழுகுக்கட்டை டாக்டர்:

நான் பேதாலஜிஸ்ட். சொந்த ஊர் கோட்டையூர், வேலை வெளியூர். மதில் உவமை சொன்ன டாக்டர் நான் இல்லை, பொறாமையாக இருக்கிறது. அதையே கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

நல்ல தைராய்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நம் ஊர் வீடுதான்: நடுவில் வளவு, சுற்றி அறைகள். அறைகள் செல்கள், வளவில் ரோஸ் நிறத்தில் தேங்கி நிற்பது கொலாய்டு. அடினோமாவிலும் ஃபாலிக்குலர் கார்சினோமாவிலும் இதே வீடுகள்தான், சின்னதாக, நெருக்கமாக. செல்லைப் பார்த்துப் பிரிக்க முடியாது. உறையை முழுத் தடிப்புக்கும் துளைத்திருக்கிறதா, உறையில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். உறையைச் சுற்றிச் சுற்றி வெட்டிப் பல பிளாக் போடுவதால்தான் ரிப்போர்ட்டுக்கு அத்தனை நாள். '4' வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கடைசியில் கேன்சர் இருப்பதில்லை. அவர்களுக்கு இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மலேசியா சித்தப்பாவுக்கு: இந்த மெல்லிய ஊசியால் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் குத்தாமல் விட்டுக் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெயர்களும் மாறும். உறைக்குள் அடங்கிய, எங்கும் ஊடுருவாத ஒரு வகையைப் பாப்பிலரி கார்சினோமா என்றுதான் நானும் பல ஆண்டுகள் எழுதினேன். 2016-இல் உலக நிபுணர்கள் கூடி அந்தப் பெயரிலிருந்து 'கார்சினோமா'வை எடுத்துவிட்டார்கள். என் பழைய ரிப்போர்ட்டுகளோடு எத்தனை பேர் கேன்சர் என்ற நினைப்பில் இருக்கிறார்களோ.

தேடினால் கிடைக்கும் என்பது இன்னொன்று. பின்லாந்தில் 1985-இல் வெளிவந்த ஆய்வில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிசாக நறுக்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் பாப்பிலரிப் பொட்டு இருந்தது. தென் கொரியாவில் ஊரெல்லாம் கழுத்து ஸ்கேன் எடுத்ததில் 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு கேன்சர் கணக்கு 15 மடங்கு ஏறியது, சாவு எண்ணிக்கை நகரவில்லை. மாஸ்டர் செக்கப் பாக்கேஜில் கழுத்து ஸ்கேனும் இலவசம் என்றால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வயதானவர்களுக்குச் சில வாரங்களிலேயே கிடுகிடுவென வளர்ந்து, கல்லாக இறுகி, குரல் கம்மினால் அன்றைக்கே கிளம்புங்கள். அனாபிளாஸ்டிக் கேன்சர் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

கொலாய்டு பார்ட்டி:

டாக்டரும் வளவை விட்டு வெளிய வரமாட்டாக போல.

தேவகோட்டை மகள்:

எல்லாருக்கும் நன்றி. 'பேர் வேண்டாம்', உங்க தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லுங்க.

நேத்து மதுரை போய் ஸ்லைடும் பிளாக்கும் கேட்டேன். கையெழுத்து வாங்கிட்டு ஒரு அட்டைப்பெட்டியில தந்தாக. பதினாலு பிளாக். சின்னச் சின்ன வெள்ளை மெழுகு, நடுவுல சந்தனக் கலர்ல ஒரு துணுக்கு. அம்மா ஒண்ணைக் கையில வச்சு ரொம்ப நேரம் பார்த்தாக. "இதுக்கா இவ்வளவு பாடு"ன்னு சொல்லிட்டு, கழுத்திரு கிடந்த வெல்வெட் பெட்டி சும்மாத்தானே இருக்குன்னு அதுலயே அடுக்கி இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாக. சாவி அப்பச்சிகிட்ட.

மைக்ரோடோம் அண்ணன், காரைக்குடி:

இரும்புப் பெட்டி வெயில் படுற பக்கமா இருந்தா மாத்தி வைங்க ஆச்சி. சித்திரையில மெழுகு இளகும்.