கருப்பூர் வெள்ளைக்கல் ஆஸ்திரியா வரை வந்த கதை: வெளிநாட்டில் படித்த சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

கருப்பூர்க்காரன்:

சேலத்திலிருந்து போய்ப் படித்தவர்கள் வகுப்பு, வெளிநாட்டு செமஸ்டர், இன்டர்ன்ஷிப் எல்லாம் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். ரேங்க், விசா, பேங்க் லோன் பற்றியெல்லாம் ஐந்து ரோடு பக்கம் ஒரு நடை போனாலே நாலு பேர் சொல்லிவிடுவார்கள். விமானம் ஏறியதற்கு அப்புறம் என்ன என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. நான் அதை மட்டும் எழுதுகிறேன்.

படித்தது கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில், மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: கருப்பூர், செட்டிச்சாவடி, மாமாங்கம் என்று எங்கே திரும்பினாலும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் குவியல். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் சந்திப்பு என்றுதான் பெயர். ஊர்க்காரர்களைக் கேட்டால் லாரி, புழுதி என்பார்கள், அவ்வளவுதான். எனக்கு வெளிநாட்டில் ஆள் பழக்கமும் இன்டர்ன்ஷிப்பும் கிடைத்தது அந்தக் கல்லால்தான்.

எம்.எஸ்சி.க்கு ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் போனேன். சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது, ஆத்தூரை விடச் சின்ன ஊர். 1765ல் சுரங்கத் தொழிலுக்காகவே தொடங்கிய பல்கலைக்கழகம். ஜெர்மானியம் என்ற தனிமத்தை 1886ல் க்ளெமென்ஸ் விங்க்லர் கண்டுபிடித்தது அங்கேதான். சேலத்தில் ஒரு கன்சல்டன்சியில் இந்தப் பெயரைச் சொன்னதும், "அங்கெல்லாம் யாரு சார் போறா?" என்று பெரிய நகரத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரியில் உலோகவியலே கிடையாது! ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், நீங்கள் படிக்கிற பாடத்துக்கு அந்த ஊரில் என்ன வேர் இருக்கிறது என்று பாருங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

வகுப்பு நம்ம ஊர் மாதிரி இல்லை. பெரும்பாலான பாடங்களில் அட்டெண்டன்ஸ் கிடையாது, இன்டர்னல் மார்க் கிடையாது. செமஸ்டர் முழுக்க யாரும் உங்களை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கடைசியில் வருகிற ஒரு தேர்வுதான் எல்லாம். அதற்கும் குறித்த தேதிக்குள் நாமேதான் பதிவு செய்ய வேண்டும். 1.0 வாங்கினால் முதல் தரம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். பொதுவாக மூன்று முறைதான் எழுத விடுவார்கள். மூன்றிலும் போனால் அந்தப் படிப்பையே விட வேண்டியதுதான். நம்ம ஊர் அரியர் கணக்கு அங்கே எடுபடாது. வாய்மொழித் தேர்வு இன்னொரு ரகம். பேராசிரியர் எதிரில், குறிப்பெடுக்க ஒருவர் பக்கத்தில். பதில் சொன்னால் "ஏன்?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் அதற்கும் ஒரு "ஏன்?". மனப்பாடம் இரண்டாவது "ஏன்?" வரைக்கும்கூடத் தாங்காது.

எனக்குப் பிடித்தது லேப். உலைகளின் உள்சுவருக்குப் போடுகிற, சூடு தாங்கும் தீச்செங்கல்லுக்கு ஒரு லேப், அதில் ஒரு சோதனை உண்டு. செங்கல் துண்டில் விரல் நுழைகிற அளவு துளை போட்டு, அதில் பொடித்த உலைக்கசடை (உலோகம் உருக்கும்போது மிஞ்சுகிற கழிவு) நிரப்பி, 1600 டிகிரியில் வைத்து எடுக்க வேண்டும். ஆறியதும் வைர ரம்பத்தால் நடுவில் அறுத்து, கசடு எவ்வளவு தூரம் சுவரைத் தின்றிருக்கிறது என்று அளக்க வேண்டும். சாதாக் களிமண் செங்கலில் துளை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, எல்லாம் உருகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மேக்னீசியா செங்கலில் துளையின் விளிம்பு போட்டது போட்டபடி இருந்தது. சுண்ணாம்பு மிகுந்த எஃகு உலைக்கசடுக்கு மேக்னீசியாதான் ஈடுகொடுக்கும், அதன் உருகுநிலையே 2800 டிகிரிக்கு மேல். மேக்னசைட் கல்லைச் சுட்டால் கிடைப்பது அதுதான். கருப்பூரில் லாரி ஏறுகிற கல் கடைசியில் எங்கே போகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது சாக்சனியில்.

லேப் கூட்டாளி மங்கோலியப் பெண். அந்த ஊரில் மங்கோலிய மாணவர்கள் நிறைய, அவர்கள் நாட்டிலும் சுரங்கத் தொழில் பெரிது. வீட்டிலிருந்து வந்த தட்டுவடையில் பீட்ரூட், கேரட் துருவிப் போட்டு, சட்னி வைத்து செட் போட்டுக் கொடுத்தேன். "இதில் கறி எங்கே?" என்று கேட்டாள். சரி, விடுங்கள்.

அப்புறம் எராஸ்மஸ் என்கிற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் ஆஸ்திரியாவின் லியோபென். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும், ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தால் எராஸ்மஸுக்கு விண்ணப்பிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. ஜெர்மன் மாணவர் அனுமதி அட்டையை வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட திட்டத்தில் பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 360 நாள் வரை படிக்கலாம். ஒன்றே ஒன்று: எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று போகும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். திரும்பி வந்து கேட்டால் கிரெடிட்டுக்கு உத்தரவாதம் இல்லை.

லியோபென் உலோகக்காரர்களுக்குக் கோயில் ஊர். இன்று உலகத்தின் பெரும்பாலான எஃகைத் தயாரிக்கிற, உருகிய இரும்பில் ஆக்சிஜனை ஊதுகிற எல்.டி. முறையில் எல் என்பது லின்ஸ், டி என்பது டோனவிட்ஸ். டோனவிட்ஸ் லியோபெனின் ஒரு பகுதி. லின்ஸில் 1952லும் டோனவிட்ஸில் 1953லும் அந்த உலைகள் ஓட ஆரம்பித்தன.

அங்கே பாறை பார்க்க ஒரு நாள் க்ரௌபாத் என்ற கிராமத்துக்குக் கூட்டிப் போனார்கள். கரும்பச்சை டூனைட் பாறை, அதற்குள் வெள்ளை நரம்பு நரம்பாக மேக்னசைட். உலகம் முழுக்க இப்படிக் கிடைக்கும் நுண்படிக மேக்னசைட்டுக்கு க்ரௌபாத் வகை என்றே புவியியலில் பெயர். பேராசிரியர் ஒரு துண்டை உடைத்து எல்லோர் கையிலும் கொடுத்து, "இதை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?" என்றார். எங்கள் கல்லூரிக்கு எதிரிலேயே இருக்கிறது என்றேன். சிரித்தார்கள். போனில் பழைய படம் ஒன்று இருந்தது: நண்பர்கள் நாலு பேர் பைக்கில் சாய்ந்து நிற்கிறார்கள், பின்னால் வெள்ளை மலை. அவர் எங்கள் முகத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பின்னால் இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் நீ பேசு" என்றார்.

ஜூனியர் பையன் ஒருவனுக்கு போன் போட்டேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய், பாறை முகப்பு, பிரித்த கல் எல்லாவற்றையும் எடுத்து அனுப்பினான். வீடியோவில் பின்னணியில் டவுன் பஸ் ஹாரன் சத்தம் வேறு. அதைப் போட்டுப் பேசி முடித்ததும், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்து இன்டர்ன்ஷிப் வேண்டுமா என்று கேட்டு, ஜெர்மனியில் தனக்குத் தெரிந்த தீச்செங்கல் ஆலைக்கு என் பெயரை எழுதினார். அதற்கு முன்னால் நான் அனுப்பிய விண்ணப்பங்கள் பாதிக்குப் பதிலே வரவில்லை.

ஆலை வெஸ்டர்வால்ட் பகுதியில். அங்கே ஓய்வு பெறப்போகிற ஒரு மேஸ்திரி. அவர் பேசிய ஜெர்மன் எனக்கு கோர்ஸில் சொல்லிக்கொடுத்த ஜெர்மன் இல்லை. சூளையிலிருந்து வந்த செங்கலைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். கணீரென்றால் ஒரு பக்கம், மொத்தென்றால் மறு பக்கம். சந்தையில் பானை வாங்குகிற மாதிரியேதான். ஒருநாள் சுத்தியலை என்னிடம் கொடுத்தார். நான் நல்லது என்று ஒதுக்கிய ஒன்றை எடுத்து, மறுபடி தட்டி, ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் வைத்தார். அறுத்துப் பார்த்தால் உள்ளே மயிரிழை விரிசல். நூறு கிலோ மேக்னசைட்டைச் சுட்டால் பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடும், நாற்பத்தெட்டு கிலோகூட மிஞ்சாது என்று பாடத்தில் படித்திருந்தேன். அதை அவரிடம் சொன்னபோது, "அதனால்தான் விலை" என்றார். அதைத் தவிர அவரிடமிருந்து நீளமான உரையாடல் எதுவும் கிடைத்ததில்லை.

நாகலூர்:

அண்ணா, நான் ஏற்காட்டுக்காரி. அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். நான் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவில் பி.ஏ. படித்தேன், என் அனுபவம் உங்களுக்கு நேர் எதிர். அங்கே வகுப்பில் பேசுவதற்கே மார்க். முதல் செமஸ்டரில் நான் வாயே திறக்கவில்லை என்று பேராசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டு, "உனக்குத் தெரியும் என்று பரீட்சைத் தாளில் தெரிகிறது, மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். இரண்டாம் ஆண்டு முடிகிற வரை மேஜர், அதாவது முதன்மைப் பாடம் எதுவென்று முடிவு செய்யாமலே படிக்கலாம் என்பது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. "என்ன படிக்கிறா?" என்று கேட்கிறவர்களுக்கு அம்மா ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைச் சொல்லிவைத்தார்.

ஒரு செமஸ்டர் கோஸ்டா ரிகா போனேன். அங்கே காபிப் பழம் பறிக்கிறவர்களுக்குக் கூலி எடையில் இல்லை, கஹுவேலா என்கிற பெட்டி அளவில். நானும் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். பச்சைக் காயை விட்டுப் பழத்தை மட்டும் பறிப்பதைப் பார்த்து அந்த ஊர் அம்மா ஒருவர், "இது யார் வீட்டுப் பெண்?" என்று விசாரித்தார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி கொண்டுவந்ததை அவருக்கு ஓட்டை ஸ்பானிஷில் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறையே இல்லை, எங்கள் ஊரில் கூலி எவ்வளவு என்றுதான் கேட்டார். நான் சொன்ன தொகையை டாலரில் மாற்றிப் பார்த்துவிட்டு, அவர் முகம் போன போக்கு இருக்கிறதே!

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். படிக்கும்போதே வேலை பழக சி.பி.டி. என்று அனுமதி உண்டு. பொதுவாக ஒரு கல்வியாண்டு முழு நேரம் படித்த பிறகுதான் கிடைக்கும். ஆனால் முழு நேர சி.பி.டி.யை 12 மாதம் எடுத்துவிட்டால், அந்தப் பட்டத்துக்குப் பின்னால் வேலை பார்க்க வருகிற ஓ.பி.டி. அனுமதி போய்விடும். என் கூடப் படித்த ஒரு பையன் இது தெரிந்து, பதினோராவது மாதத்தோடு நிறுத்திக்கொண்டான்.

செவ்வாய்ப்பேட்டை அப்பா:

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பையன் மூன்றாம் வருஷம் இன்ஜினியரிங். ஜெர்மனி என்கிறான். படிப்புக்குக் கட்டணமே இல்லை என்கிறார்கள், அப்புறம் பத்து லட்சத்துக்கு மேல் பேங்கில் கட்டணும் என்கிறார்கள். அது யாருக்குப் போகுது? பகுதி நேர வேலை பார்த்தே படிச்சிரலாம்னு அவன் சொல்றது நிசமா தம்பி?

கருப்பூர்க்காரன்:

ஐயா, அந்தப் பணம் யாருக்கும் போகாது, பையன் பேரிலேயே இருக்கும். முடக்கிய கணக்கு என்று ஒன்று. 2024 செப்டம்பர் முதல் வருஷத்துக்கு 11,904 யூரோ. அங்கே போனதும் மாசம் 992 யூரோ வீதம் அவன் செலவுக்கு எடுத்துக்கொள்வான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் தொகை மட்டும்தான், கல்விக் கட்டணம் இல்லை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு.

வேலை விஷயத்தில் பையன் சொல்வதைப் பாதி மட்டும் நம்புங்கள். 2024 மார்ச்சிலிருந்து வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பாடத்திட்டத்தில் கட்டாயமாக இருக்கிற இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்கில் வராது, ஆனால் அதற்குக் குறைந்தபட்சக் கூலி தரணும் என்ற சட்டமும் கிடையாது. முதல் வருஷம் வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், ஜெர்மன் வராமல் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலைகூடச் சுலபமில்லை. இப்போதே சாயங்காலம் ஜெர்மன் வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள்.

2022 நவம்பர் முதல் விசாவுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், நம்ம படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது அது. கட்டணம் 18,000 ரூபாய், நேரடியாக நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. மார்க் ஷீட் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தால் போதும். அவன் எந்தப் பிரிவு என்று நீங்கள் சொல்லவில்லையே? அது தெரிந்தால்தான் எந்த ஊர் என்று பேச முடியும்.