யாதவகிரியில் எட்டு ஜன்னல்

எழுத்தாளர் வாழ்ந்த வீடு என்று பேச்சு வந்தால் நம்மில் பெரும்பாலோர் பாரதியார் வீட்டைத்தான் சொல்வோம். எட்டயபுரம், புதுச்சேரி, திருவல்லிக்கேணி மூன்றுக்கும் நானும் போயிருக்கிறேன், அந்த அனுபவத்தைப் பலரும் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது மைசூரு யாதவகிரியில் உள்ள, ஆங்கிலத்தில் கதை எழுதிய ஆர்.கே. நாராயண் வீட்டைப் பற்றி. போன டிசம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் புரியாது. கோவையில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதைப் புத்தகம் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. அம்மா தவறி நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார். அப்போது என் கல்லூரிக் காலத்து அலமாரியைக் குடைந்து, நாராயணின் 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலை எடுத்திருக்கிறார். மெல்லிசாக இருக்கிறதே என்று எடுத்தாராம். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தார். அகராதிக்கு அதிகம் வேலை வரவில்லை. நாராயணின் ஆங்கிலம் அப்படி. லெட்ஜர் எழுதியே பழகியவருக்கும் கை கொடுக்கும்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டார்: "இவுரு சம்சாரம் நெசமாவே தவறிட்டாங்களா கண்ணு?"

ஆமாம் என்றேன். அவர் பெயர் ராஜம். 1939இல் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டார். அப்போது மகள் ஹேமாவுக்கு மூன்று வயதுதான். நாராயண் அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வருடக்கணக்கில் அந்தத் துக்கத்தோடு போராடி, 1945இல் அந்த நாவலை வெளியிட்டார். நாவலில் மனைவி பெயர் சுசீலா. புருஷனும் பெண்டாட்டியும் புது வீடு பார்க்கப் போகிறார்கள். வீடு பிடித்துப்போகிறது. கொல்லைப்பக்கம் போன சுசீலா அழுக்கான கழிப்பறைக்குள் மாட்டிக்கொள்கிறாள், கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு காய்ச்சல், அதுவே டைபாய்டு.

அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னேன். ராஜம் நம் ஊர்ப் பெண். 1933இல் நாராயண் தன் அக்காவைக் கொண்டுவிடக் கோவைக்கு வந்து, அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தபோது, வீட்டு வாசலில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்ணைப் பார்த்தார். பெரியவர்கள் மூலமாகத்தான் பேச வேண்டும் என்றிருந்த காலம். நேராகப் போய்ப் பெண்ணின் அப்பாவிடமே கேட்டுவிட்டார். ஜாதகம் பொருந்தவில்லை என்று பெரிய இழுபறி. அதையும் தாண்டித்தான் கல்யாணம் நடந்தது. அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தெருக்குழாயா? அப்ப அது சிறுவாணித் தண்ணியாத்தான் இருக்கும்" என்றார். கோயமுத்தூர்க்காரர் வேறென்ன சொல்வார்!

அன்றிலிருந்து மைசூரு போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

காலை பஸ்ஸில் கிளம்பினோம். சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு மைசூரு. மறுநாள் காலை வீட்டைப் பார்க்கப் போனோம். ரயில் நிலையத்தில் இருந்து தூரம் அதிகம் இல்லை. ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னதும் யோசித்தார். "மால்குடி டேஸ்" என்றேன். உடனே அந்தப் பாட்டை முனகிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். மால்குடி என்ற கற்பனை ஊரில் நடக்கும் நாராயண் கதைகளை வைத்து 1986இல் தூர்தர்ஷனில் வந்த தொடர், சங்கர் நாக் இயக்கியது. அந்த இசை நம் எல். வைத்தியநாதனுடையது. ஓவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தவை. பக்கத்து வீட்டில் டி.வி. இருந்ததால் அங்கே போய்ப் பார்த்தது அப்பாவுக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து முனகினார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, இன்னொருவருக்குக் கன்னடம் தெரியாது.

வழியில் ராமகிருஷ்ண ஆசிரமம் இருக்கிறது. மைசூரு வானொலி நிலையமும் அதே யாதவகிரியில்தான். 'ஆகாசவாணி' என்ற பெயர் நாட்டுக்குக் கிடைத்தது 1935இல் மைசூரில் தொடங்கிய தனியார் வானொலியில் இருந்துதான். இதை அப்பாவிடம் சொல்லி முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

வெளியில் இருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே வெளிர் நிறத்தில் ஒரு மாடி வீடு. முகப்பில் ஒரு பக்கம் அரைவட்டமாக வளைந்து முன்னால் வந்திருக்கும், அதில் வரிசையாக ஜன்னல்கள். மாடியில் இருக்கும் அந்த வளைவுதான் அவர் எழுதுவதற்கென்றே கட்டிக்கொண்ட அறை.

இந்த வீடு இன்றைக்கு நிற்பதே பெரிய விஷயம். நாராயண் கடைசிக் காலத்தில் சென்னைக்கு வந்துவிட்டார், 2001 மே 13ஆம் தேதி சென்னையிலேயே காலமானார். வீடு கைமாறியது. 2011இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்து, அதன் பிறகே இடிப்பது நின்றது. அரசு தரப்பில் வீட்டை வாங்குவது என்று முடிவானபோது, அவர் கன்னடத்தில் எழுதியவர் இல்லையே, பொதுப்பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று அங்கே எதிர்ப்பும் எழுந்தது. எல்லாவற்றையும் தாண்டிப் பழுது பார்த்து, 2016 ஜூலையில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அந்த எதிர்ப்பை நான் தப்பாக நினைக்கவில்லை. தங்கள் மொழி எழுத்தாளர்களின் வீடுகள் கவனிப்பாரில்லாமல் கிடக்கும்போது அப்படிக் கேட்கத்தான் தோன்றும். ஆனால் புரசைவாக்கத்தில் பிறந்து, தமிழ் பேசி, மைசூருத் தெருக்களில் நடந்து, ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரை எந்த ஊர் சொந்தம் கொண்டாடுவது? மைசூரு கொண்டாடியது. அதற்கு நான் நன்றி சொல்வேன்.

உள்ளே போனதும் முதலில் தோன்றுவது, என்ன இவ்வளவு காலியாக இருக்கிறதே என்பது. பெரிய அரண்மனையைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். சுவரில் குடும்பப் புகைப்படங்கள், புத்தகங்களில் இருந்து எடுத்த வரிகள், விருதுகள். கண்ணாடிக்குள் அவருடைய மூக்குக் கண்ணாடி, கோட்டு, கம்பளி உடுப்புகள். கையெழுத்துப் பிரதி பார்க்க ஆசைப்பட்டால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அவருடைய தாள்களில் பெரும் தொகுப்பு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அப்பா கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அங்கேயே நின்றார். கோட்டு தொங்கவிடப்பட்டிருந்தது, தோள் பக்கம் லேசாகச் சரிந்து. ஆள் கழற்றி மாட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருக்கிற மாதிரி. அம்மாவின் ஸ்வெட்டர் ஒன்று எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது. அதை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி அங்கே பேசவில்லை.

மாடி ஏறினோம். அந்த எட்டு ஜன்னல் அறையைப் பற்றி நாராயணே எழுதியிருக்கிறார். தெற்கே சாமுண்டி மலைக் கோயில், கிழக்கே நகரத்தின் கோபுரங்கள், சுற்றிலும் மேய்கிற ஆடு மாடுகள், சரிவில் போகிற ரயில். எல்லாம் தெரிகிற மாதிரி கட்டினார். பிறகு இவ்வளவு காட்சி கண்ணில் பட்டால் எழுத்து ஓடவில்லை என்று திரை போட்டு மறைத்துக்கொண்டார் என்றும் படித்திருக்கிறேன். இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். அந்த வீட்டுக்குள் அவர் சிரித்தது அப்போதுதான்.

இப்போது அந்தக் காட்சியெல்லாம் இல்லை. எதிரே வீடுகள், மரங்கள், கம்பிகள். ஆனால் வெளிச்சம் அப்படியே இருக்கிறது. காலை பத்தரை மணி வெயில் ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் ஒரு துண்டாகத் தரையில் விழுந்து கிடந்தது. கல்லூரி மாணவன் ஒருவன் ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து, முழங்கால் மேல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். கண்ணூரில் இருந்து வந்தவனாம். 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' பள்ளியில் பாடமாக இருந்ததால் பிடிக்காமல் போய்விட்டது, இப்போது இங்கே உட்கார்ந்து முதலில் இருந்து படிக்கிறேன் என்றான். அந்தப் புத்தகத்தை எத்தனையோ பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பருக்கு, கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று எழுதிவிட்டார் நாராயண். நண்பர் நதியில் போடாமல் ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1935இல் புத்தகம் வந்தது. கிரீனும் நாராயணும் நேரில் பார்த்துக்கொள்ள இன்னும் இருபது வருடம் ஆனது. இதை நான் சொல்லச் சொல்ல அந்தப் பையன் புத்தகத்தை மூடிப் பின்னட்டையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டான்.

அப்பா ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார்.

"அந்தப் பொண்ணு இந்த வூட்டுல இருந்ததே இல்ல, இல்லீங்களா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்றே தெரியவில்லை, என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசமாட்டார்.

இல்லை. ராஜம் போய்ப் பத்து வருடம் கழித்துத்தான் இந்த வீட்டு வேலையே நடந்தது, கட்டி முடிய ஐம்பதுகள் ஆகிவிட்டன. அதுவரை லக்ஷ்மிபுரத்தில் கூட்டுக் குடும்பம். வீடு தயாரான பிறகும் கொஞ்ச காலம் எழுதுவதற்கு மட்டும் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தார்.

"வூடு பாக்கப் போன எடத்துலதான அந்தக் கதையில அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வருது," என்றார் அப்பா. "அப்புறம் இவுரு ஒரு வூடு கட்டியிருக்காரு. சுத்தியும் ஜன்னல் வெச்சு."

நான் அந்த நாவலை மூன்று தடவை படித்தவள். கல்லூரியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவள். பூட்டிக்கொண்ட கதவையும் இந்த ஜன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. நாராயண் அப்படி நினைத்துத்தான் கட்டினார் என்று நான் சொல்லவில்லை. அப்படி அவர் எழுதி நான் படித்ததில்லை. அப்பாவுக்கு அங்கே நின்றபோது அப்படித் தெரிந்தது. அதற்காகவே அந்த வீடு இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. புத்தகத்தைப் படித்துவிட்டு மனசில் வைத்திருக்கிறவருக்கு வந்து நிற்க ஓர் இடம் வேண்டும். அது காலியாக இருந்தால் இன்னும் நல்லது. அப்பா மாதிரி ஒருவர் தன் நினைப்பை அங்கே கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாம்.

எங்கோ ரயில் சத்தம் கேட்டது. கண்ணூர்ப் பையனும் நிமிர்ந்து பார்த்தான். மூன்று பேரும் பேசாமல் இருந்தோம்.

கீழே இறங்கி வந்தபோது, பேத்தியைக் கூட்டிவந்த ஒரு பாட்டி சுவரில் இருந்த ஆங்கில வரிகளை அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை தோளில் பள்ளிக்கூடப் பை. நாராயண் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது முதல் பேச்சே இந்தப் பையின் கனத்தைப் பற்றித்தான், குழந்தைகள் கூன் விழுந்து நடக்கிறார்கள் என்று. அதன் பிறகே பள்ளிக் குழந்தைகளின் பாடச் சுமையைக் குறைக்க வழி சொல்ல யஷ்பால் குழு அமைத்தார்கள். பாட்டியிடம் அரைகுறைக் கன்னடத்தில் இதைச் சொன்னேன். அவர் உடனே பேத்தியின் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

வெளியில் வந்து காபி குடித்தோம். காபி விஷயத்தில் நாராயண் விட்டுக்கொடுக்காதவர். அமெரிக்காவில் கறுப்பா வெள்ளையா என்று கேட்டவர்களிடம், காபி என்றால் பழுப்பாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஊர் வழக்கம் என்று பாடம் எடுத்தவர். அப்பா டம்ளரைச் சாய்த்து நிறம் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். விடுமுறை நாள் எது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் அவர் புத்தகம் ஒன்று எடுத்துப் போங்கள், எதுவானாலும் சரி, மாடியில் உட்கார்ந்து பத்துப் பக்கமாவது படியுங்கள். அரை மணியில் பார்த்து முடித்துவிடலாம்தான். நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம்.

ஷிவமொக்கா பக்கம் அரசாளு என்று ஒரு சின்ன ரயில் நிலையம். தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வந்தது அதுதான். பழைய கட்டடத்தை 2020இல் மால்குடி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஊர் திரும்பும்போது திம்பம் இறங்குகையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டின்போது, டிக்கெட் போட்டாச்சா கண்ணு என்று கேட்கிறார்.