குடல் எரிச்சல் நோய்க்கு ஹிப்னோதெரபி: அங்கே என்ன நடக்கும், எந்த அளவுக்கு நம்பலாம்?

தென்றல்வழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பல ஆண்டுகளாக ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் இருக்கிறது. வயிற்றைப் பிடித்து முறுக்குவது போன்ற வலி, மாலையானால் உப்புசம், வெளியே கிளம்பும் நேரத்தில் திரும்பத் திரும்பக் கழிப்பறைக்குப் போக வேண்டிய கட்டாயம் என்று வாழ்க்கை அதைச் சுற்றியே அமைந்துவிட்டது. பெருங்குடலுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி உட்பட எல்லாப் பரிசோதனைகளும் செய்தாயிற்று. குடலில் புண்ணோ கட்டியோ அழற்சியோ இல்லை என்பது உறுதியாகிவிட்டது. மருந்துகளும் உணவுக் கட்டுப்பாடும் ஓரளவுக்குத்தான் கைகொடுத்தன. அண்மையில் என் குடல்நோய் மருத்துவர், ஹிப்னோதெரபி எனப்படும் அறிதுயில் சிகிச்சையை முயன்று பார்க்கலாமே என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு இரண்டு விதமான கலக்கம் உண்டாயிற்று. ஒருவர் என் மனத்தைத் தன் வசப்படுத்திக்கொள்வார், நான் சொல்ல விரும்பாததைச் சொல்லிவிடுவேன், அல்லது அந்நிலையிலிருந்து மீள முடியாமல் போய்விடுவேன் என்ற அச்சம் ஒன்று. என் வலி உண்மையானது அன்று, வெறும் மனப்பிரமை என்று மருத்துவர் நினைக்கிறாரோ என்ற வருத்தம் மற்றொன்று. அந்த அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது, எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மருதநிழல் (மறுமொழி)

தென்றல்வழி அவர்களுக்கு வணக்கம். நான் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிகிறேன். ஹிப்னோசிஸை என் சிகிச்சையில் ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறேன். முதலில் தங்கள் அச்சத்துக்கே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது நெஞ்சில் இருக்கும்வரை சிகிச்சை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாலும் மனம் காவல் காத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஹிப்னோசிஸ் என்பது தூக்கம் அன்று, மயக்கமும் அன்று. கவனம் ஒன்றன்மேல் குவிந்து, சுற்றுப்புறம் மங்கி, சொல்லப்படும் கருத்துகளுக்கு மனமும் உடலும் வழக்கத்தைவிட எளிதாக இணங்கும் ஒரு விழிப்பு நிலை அது. கதைப் புத்தகத்தில் ஆழ்ந்துவிட்டவருக்கு அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது காதில் ஏறாமல் போகிறதல்லவா, அதற்கு நெருக்கமானது. சிகிச்சையின் நடுவில் வெளியே வண்டி போகும் சத்தம் தங்களுக்குக் கேட்கும். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம். ஏதேனும் பிடிக்கவில்லையென்றால் கண்ணைத் திறந்து எழுந்து போய்விடலாம். சிகிச்சையாளர் பாதியில் அறையைவிட்டுப் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம்: சிறிது நேரத்தில் தாங்களாகவே கண்விழிப்பீர்கள், அல்லது களைப்பு இருந்தால் அப்படியே சாதாரணமாக உறங்கி எழுவீர்கள். உண்மையைக் கறந்தெடுக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. அந்நிலையில் இருப்பவரால் மறைக்கவும் முடியும், பொய் சொல்லவும் முடியும்.

இந்த அச்சங்களில் பெரும்பகுதி மேடை நிகழ்ச்சிகளிலிருந்து வந்தது. மேடையில் ஏறுபவர்கள் தாமாக முன்வந்தவர்கள். நிகழ்ச்சி தொடங்கும்முன் கூட்டத்தினர் அனைவரையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொல்லி, ‘இனிப் பிரிக்க முடியாது’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். உண்மையிலேயே பிரிக்கத் திணறுபவர்கள் மட்டும் மேலே அழைக்கப்படுவார்கள். எளிதில் இணங்குபவர்களைச் சலித்தெடுத்து, பலர் பார்க்கிறார்கள் என்ற உந்துதலையும் சேர்த்து நடத்தப்படும் அந்தக் கேளிக்கைக்கும் சிகிச்சை அறைக்கும் தொடர்பு மிகக் குறைவு.

‘மனப்பிரமை’ என்ற வருத்தத்துக்கு வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஃப்ரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், உடலில் ஓடும் ஒருவகைக் காந்தப் பாய்மத்தைச் சீராக்கி நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொன்னார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதை ஆராய்ந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாசியேயும் அதில் இருந்தார்கள். அப்படியொரு பாய்மம் இருப்பதற்குச் சான்றில்லை, விளைவுகள் கற்பனையால் உண்டானவை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மெஸ்மரின் கொள்கை அதோடு சாய்ந்தது. ஆனால் நோயாளிகளின் உடலில் கண்ட மாற்றங்களைக் குழு மறுக்கவில்லை. எதிர்பார்ப்பும் கற்பனையும் உடலை அந்த அளவுக்கு அசைக்கும் என்பதே என் பார்வையில் அந்த ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு. 1840-களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவர், பளபளப்பான ஒரு பொருளின்மேல் கண்ணை நிலைநிறுத்தச் செய்தாலே இன்று ஹிப்னோசிஸ் என்று நாம் சொல்லும் நிலை உண்டாவதைக் காட்டி, காந்தத்தை விலக்கிக் கவனக் குவிப்பைக் காரணமாக வைத்தார். இன்றைய சிகிச்சை அந்த வழியில் வந்தது.

குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புச் செய்திகள் இரு திசையிலும் ஓயாமல் போய்வருகின்றன. ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலருக்குக் குடலின் சாதாரண அசைவும் வாயு அழுத்தமுமே வலியாக உணரப்படும் அளவுக்கு அந்தத் தொடர்பு கூர்மையடைந்திருக்கிறது. வலி முழுக்க உண்மையானது. அதன் ஒலியளவைக் குறைக்கும் இடங்களில் ஒன்று மூளை என்பதால்தான் இந்தச் சிகிச்சை. தங்கள் மருத்துவர் தங்களை நம்பாமல் அனுப்பவில்லை.

இனி அறைக்குள் நடப்பது. முதல் சந்திப்பில் பெரும்பாலும் பேச்சுதான்: நோயின் வரலாறு, எது தூண்டுகிறது, எதை அஞ்சுகிறீர்கள், மனத்துக்கு இதமான இடம் எது என்றெல்லாம் கேட்பார்கள். அடுத்தடுத்த சந்திப்புகளில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடியோ மூச்சைக் கவனித்தபடியோ இருக்கச் சொல்வார்கள். இமைகள் கனத்துத் தாமாக மூடும். தசைகளை ஒவ்வொன்றாகத் தளரவிட்டு, எண்களை இறங்குவரிசையில் எண்ணுவதோ படிக்கட்டில் இறங்குவதாகக் கற்பனை செய்வதோ தொடரும். பிறகுதான் குடலுக்கான பகுதி வருகிறது. உள்ளங்கையை வயிற்றின்மேல் வைத்து, அங்கே வெதுவெதுப்பு பரவுவதை உணரச் சொல்வார்கள். குடலின் இயக்கத்தை ஓர் ஆறாகக் கண்டு, கொந்தளித்து ஓடும் நீர் சீரான ஓட்டத்துக்கு வருவதாகக் காணச் சொல்வார்கள். மலச்சிக்கல் உள்ளவருக்கு அதே ஆறு தடைநீங்கி ஓடும். முடிவில் மெல்ல எண்ணி விழிப்புக்குக் கொண்டுவந்து, என்ன உணர்ந்தீர்கள் என்று பேசுவார்கள். ஒலிப்பதிவு ஒன்றைத் தந்து, வீட்டில் நாள்தோறும் கேட்டுப் பயிலச் சொல்வது வழக்கம். அந்தப் பயிற்சியைத்தான் சிகிச்சையின் பெரும்பாதி என்று நான் கருதுகிறேன்.

கூதிர்காலம் (மறுமொழி)

நானும் இதே நோய்க்காக இச்சிகிச்சையை எடுத்துக்கொண்டவள் என்பதால், நாற்காலியின் இந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதல்முறை எனக்கு ‘எதுவும் நடக்கவில்லையே’ என்றுதான் தோன்றிற்று. சிகிச்சையாளர் சொன்னதெல்லாம் கேட்டது, இடையிடையே மறுநாள் வேலை நினைவுக்கு வந்தது. ஆனால் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தபோது, பத்து நிமிடம் என்று நினைத்தது அரைமணி நேரமாக இருந்தது. வயிற்றின்மேல் வைத்த கை உண்மையாகவே சூடேறியிருந்தது. அதைத் தாண்டி அதிசயமான அனுபவம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மாற்றம் மெதுவாக வந்தது. வலி குறைவதற்கு முன்பாகவே வலியைப் பற்றிய பதற்றம் குறைந்தது. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தேடாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது. வலிக்கும் நாள்கள் பிற்பாடு குறைந்தன. முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் நாள்களை இப்போது நான்தான் திட்டமிடுகிறேன், குடல் திட்டமிடுவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்பதை விட்டுவிட்டால் சில வாரங்களில் பழைய தொல்லை எட்டிப்பார்க்கிறது.

நெடுவானம் (மறுமொழி)

மனநல மருத்துவத் துறையில் இருப்பவன் என்ற முறையில், மருதநிழல் அவர்கள் தொடாத இரண்டு செய்திகளை எழுதுகிறேன்: சான்றுகளின் வலிமை, யாரிடம் போகலாம் என்பது.

ஐ.பி.எஸ். நோய்க்கான சான்று ஹிப்னோதெரபியில் நன்கு அமைந்த சான்றுகளுள் ஒன்று. 1984-இல் மான்செஸ்டரில் பீட்டர் வொர்வெல் குழுவினர், வேறு எதற்கும் அடங்காத கடும் தொல்லையுடைய 30 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்து, ஹிப்னோதெரபி பெற்றவர்களிடம் தெளிவான முன்னேற்றத்தைக் கண்டார்கள். அதே மையத்தில் சிகிச்சை பெற்ற 1000 பேரைப் பற்றிய 2015-ஆம் ஆண்டின் தொகுப்பில் 76 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். இந்த எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அங்கே ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லை, மிகுந்த அனுபவமுள்ள மையமும் அது. நெதர்லாந்தில் நடந்து 2019-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மூன்று மாத முடிவில் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் தனிநபர் ஹிப்னோதெரபியில் சுமார் 40 விழுக்காடு, நோயைப் பற்றிய விளக்கமும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் சுமார் 17 விழுக்காடு. என் கணிப்பில் இந்த இரண்டாவது எண்களே ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை: உண்மையான பயன் உண்டு, எல்லோருக்கும் இல்லை. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் பரிந்துரையும், 12 மாத மருந்துச் சிகிச்சைக்குப் பிறகும் தொல்லை நீடிப்பவர்களுக்குக் கருதத்தக்க வழிகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறது.

வலி, அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பதற்றம், மாதவிடாய் நின்றபின் வரும் உடல் அனல் ஆகியவற்றிலும் நல்ல ஆய்வுகள் உள்ளன. புகைப்பழக்கத்தை விடுவதற்கு, பலரும் நினைப்பதற்கு மாறாக, பிற ஆலோசனை முறைகளைவிட இது மேலானது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2019-இல் முடிவு செய்தது. ‘ஒரே அமர்வில் விடுதலை’ என்ற விளம்பரங்களை அந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

மறந்துபோன நினைவுகளை மீட்டுத் தருவதாகவோ முற்பிறவிக்கு அழைத்துச் செல்வதாகவோ சொல்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். நினைவு என்பது பேழையில் பூட்டிவைத்த ஏடு அன்று; நினைக்கும்போதெல்லாம் அது புதிதாகக் கட்டப்படுகிறது. ஹிப்னோசிஸ் நிலையில் கேட்கப்படும் கேள்விகள் நடக்காத ஒன்றை நடந்ததாகக் கட்டிவிடக்கூடும். நினைவின் துல்லியம் கூடுவதில்லை, அதன்மேல் ஒருவருக்குள்ள உறுதி மட்டும் கூடுகிறது. இப்படி எழுந்த பொய்யான நினைவுகளால் பிளவுபட்ட குடும்பங்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குடல் நோய்க்குப் போகிற தங்களிடம் ஒருவர் ‘சிறுவயதில் நடந்த எதையோ தேடுவோம்’ என்று தொடங்கினால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹிப்னோசிஸ் தெரியாமலேயே தங்கள் நோய்க்கு மருத்துவம் பார்க்கத் தகுதியுள்ளவரா என்பதுதான் நான் சொல்லும் உரைகல். மருத்துவராகவோ மருத்துவ உளவியலாளராகவோ முறையாகப் பதிவு பெற்று, அதன்மேல் இந்தப் பயிற்சியையும் பெற்றவரிடம் செல்லுங்கள். குறுகிய காலச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவருக்கு, மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை போன்ற அறிகுறிகள் புதிதாகத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தெரியாமல் போகலாம். மனச்சிதைவு போன்ற நோய் இருந்தவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மற்றவர்களுக்குச் சிலவேளை தலைவலியோ கிறுகிறுப்போ பதற்றமோ வரலாம். பெரும்பாலும் விரைவில் அடங்கிவிடும்.

தென்றல்வழி

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வலியின் ஒலியளவு என்று மருதநிழல் அவர்கள் எழுதிய இடத்தில்தான் என் வருத்தம் தீர்ந்தது. ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. நான் இயல்பிலேயே எதையும் ஆராய்ந்து பார்ப்பவன்; கண்ணை மூடினால் எண்ணங்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். என்னைப் போன்றவர்கள் அந்நிலைக்குப் போகவே முடியாதோ?

மருதநிழல்

ஆராய்ந்து பார்க்கும் இயல்பு அதற்குத் தடையன்று. ஹிப்னோசிஸுக்கு இணங்கும் திறன் மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது என்பதும், அது பல ஆண்டுகள் கழிந்தும் பெரிதும் மாறுவதில்லை என்பதும் உண்மையே. 1959-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்ஸன்ஹோஃபர், ஹில்கார்டு என்ற உளவியலாளர்கள் அதை அளக்க ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். நீட்டிய கை தானாகக் கனத்துத் தாழ்கிறதா, இல்லாத ஈயின் ரீங்காரம் கேட்கிறதா என்பது போன்ற சிறு சோதனைகள் அதில் வரும். பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டவர்கள் மிக எளிதில் இணங்குவார்கள், ஏறக்குறைய அதே அளவினர் மிகக் குறைவாக இணங்குவார்கள், மற்ற அனைவரும் நடுவில் இருக்கிறார்கள். அறிவுக்கூர்மையோ மனவலிமையோ இதைத் தீர்மானிப்பதில்லை. ஒன்றில் தோய்ந்துபோகும் பழக்கமும் கற்பனை வளமும் ஓரளவு தொடர்புடையவை.

குடல் சார்ந்த சிகிச்சைக்கு ஆழ்ந்த நிலை தேவைப்படுவதில்லை. நடுத்தரமாக இணங்குபவர்களும் நன்றாகத் தேறுகிறார்கள். எண்ணங்கள் ஓடினால் ஓடட்டும். அவற்றை விரட்ட முயலாமல், குரலுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால் போதும். முதல் சந்திப்பிலேயே இந்த ஐயத்தைச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். மாளிகை, படிக்கட்டு போன்ற காட்சிகள் ஒட்டாதவர்களுக்கு மூச்சையும் வெப்ப உணர்வையும் வைத்தே நடத்தும் முறைகள் உண்டு. மான்செஸ்டரின் முதல் ஆய்வில் மூன்று மாதத்தில் ஏழு அரைமணி நேரச் சந்திப்புகள் நடந்தன. இப்போது பல இடங்களில் பன்னிரண்டு வரை போகிறார்கள். எத்தனை சந்திப்புகள், எப்போது நின்று மதிப்பிடுவது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதுவரை வலி, உப்புசம், கழிப்பறைக்குப் போன நேரம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். தற்போது எடுக்கும் மருந்துகளை மட்டும் தங்கள் குடல்நோய் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.