காதுகுத்துக்கு யார் மடி?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
எங்கள் பாப்பாவுக்கு மூன்று வயது. பெற்றவள் என் ஓரகத்தி, பொள்ளாச்சியில் இருக்கிறாள். எனக்குப் பதினோரு வருஷமாகக் குழந்தை இல்லை. 40 நாள் பிள்ளையாகக் கையில் வாங்கினேன், தத்துப் பத்திரமும் பதிந்தோம். ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. மாதம் ஒருமுறை கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்துவிடுவாள். பாப்பாவுக்கு அவள் சித்தி.

தை மாதம் மொட்டையும் காதுகுத்தும். போன வாரம் போனில், "அக்கா, எங்க அண்ணன் மடியில உட்கார வெச்சுக்கலாங்களா?" என்றாள். என் தம்பியோ கம்மலே வாங்கிவிட்டான். எனக்கு வாய் வரவில்லை. வரும்போதெல்லாம் பாப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டுத்தான் போவாள், நான் ஒட்ட வெட்டுவதில்லையாம். அதற்கே முகம் சுருங்குகிற புத்தி எனக்கு. என்ன சொல்வது?

வக்கீல் குமாஸ்தா:
1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, கொடுத்த நாளிலிருந்து அம்மா நீங்கள்தான். முறையாக நடந்த தத்தை நீங்களோ அவரோ ரத்து செய்ய முடியாது. கல்யாணம் என்று வந்தால் மட்டும் பிறந்த வீட்டு உறவுமுறையையும் பார்க்க வேண்டும். மடியைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை அம்மா.

பாலக்காட்டு அம்மா:
நாங்கள் காரா என்கிற மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு வழியாக எடுத்தோம். பெற்றவள் பெயர்கூடத் தெரியாது. ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 60 நாள் கொடுக்கிறார்கள். அந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாளோ என்று இன்னமும் நினைப்பேன். பையன் பதினெட்டு முடிந்தபின் விவரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உங்கள் வீட்டுக்கு நகம் வெட்டவே ஆள் வருகிறது!

சித்தூர்க்காரி:
நான் பெற்றுக் கொடுத்தவள், என் அக்காவுக்கு. மடி ஒரு சாக்குதான். எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கத் தோன்றும். ரெண்டு காது இருக்கிறதே, மாமனுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
ஒரு காது குத்தியதுமே அலறிக்கொண்டு ஓடுவாள், மடி மாற்றுகிற கதையெல்லாம் நடக்காது என்கிறார் ஆசாரி. நேற்று நானே கூப்பிட்டேன். தம்பி மடிதான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிங்கக்கா. மொட்டைத் தலைக்குச் சந்தனம் நான் பூசட்டுங்களா?" என்றாள். கட்டையும் கல்லும் அவளே கொண்டுவருகிறாளாம். நகவெட்டி இங்கேயே இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு வராதே என்றேன்.