ஆம்னி வேனுக்கு ஹாலோவீன் அலங்காரம், ஐடியா சொல்லுங்க

ஏனுங்க, பழைய ஆம்னிய படுக்கை, சின்ன அடுப்பெல்லாம் வெச்சு கேம்பரா மாத்தி வெச்சிருக்கேன், அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு (வெளிநாட்டுல பேய் வேசம் போட்டு, பூசணிய மூஞ்சியாட்டம் குடைஞ்சு உள்ள விளக்கு வெக்கற நாளுங்க) வால்பாறை போறோம், வண்டிய பேய்வீடாக்கணும்னு பொண்ணு ஒரே அடம், உள்ள குனிஞ்சே நிக்கோணும் இதுல எங்கீங்க மாட்டறது?

பொள்ளாச்சிக்காரன்:
தம்பி, வெளிய எதையும் ஒட்டாதீங்க. ஆழியாறு தாண்டுனா 40 கொண்டை ஊசி வளைவு, ஐப்பசி மழை வேற, காயிதமெல்லாம் கூழாயிரும். ஸ்டே போய் நிறுத்துன பொறவு ஜன்னலுக்கு உள்பக்கம் கருப்பு சார்ட்ல வவ்வால் வெட்டி ஒட்டுங்க, பின்னால சீரியல் லைட்ட பவர் பேங்க்ல போடுங்க. வண்டி பேட்டரில மட்டும் ராத்திரி பூரா எரிய விட்டீங்கன்னா காத்தால எல்லாரும் எறங்கி தள்ளோணும், நான் தள்ளிருக்கேன்.

கோபி அக்கா:
பஞ்சைப் பிச்சு சிலந்தி வலைன்னு அடுப்புகிட்ட கட்டிராதீங்க கண்ணு, பத்திக்கும். குடைஞ்ச பூசணிக்குள்ள மெழுகுவத்தியும் வேண்டாம், எல்இடி போதும். அயர்லாந்துல மொதல்ல டர்னிப்ங்கற முள்ளங்கியாட்டம் கிழங்கத்தான் குடைஞ்சாங்க, அமெரிக்கா போய்த்தான் அது பூசணியாச்சு. ராத்திரி அதை வெளிய வெச்சுட்டு தூங்கிராதீங்க, அங்க யானை வரும்.

கேட்டவர்:
நன்றிங்க அக்கா. வண்டி முன்னால தொங்கற திருஷ்டி பொம்மையப் பாத்துட்டு இதே பேய்தான்னுட்டாளுங்க, பாதி வேலை முடிஞ்சுது 😄