பணி நிறைவுச் சான்றிதழ் வராத அடுக்ககம், கரண்ட் நிலையாக இல்லை, ஆனால் சாவி வாங்கச் சொல்கிறார்கள். உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். பெரும்பாக்கம் பக்கம் மூன்று பிளாக் கொண்ட அடுக்ககம் ஒன்றில், 'ஏ' பிளாக் நான்காவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறேன். 95 சதவீதப் பணம் கட்டியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் சொன்ன தேதி தாண்டி ஏழு மாதம் ஆகிறது. இப்போது திடீரென்று, மீதி 5 சதவீதத்தைக் கட்டிக் கையெழுத்துப் போட்டால் உடனே குடிவரலாம் என்கிறார்கள். சி.எம்.டி.ஏ.விடமிருந்து (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பணி நிறைவுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. 'பி' பிளாக்கில் செங்கல் வேலை நடக்கிறது. 'சி' பிளாக்கில் தூண்கள் மட்டும்தான் நிற்கின்றன.

போன ஞாயிறு போய்ப் பார்த்தோம். லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் ஹால் விளக்கு மங்குகிறது. சோதித்துப் பார்க்க கெய்சரைப் போட்டோம். பத்து நிமிடத்தில் மாடி முழுக்க கரண்ட் போய்விட்டது. "எம்.சி.பி.யைப் பெரிசா மாத்திடறோம் சார், சரியாயிடும்" என்றார் சூப்பர்வைசர். லோடு கூடினால் தானே அணைகிற அந்த சுவிட்ச்தான் கோளாறா? வாடகை 18,000, அதற்கு மேல் வங்கி வட்டி என்று இரண்டையும் கட்டி முடியவில்லை. ஆவணியில் பால் காய்ச்ச அம்மா நாள் வேறு குறித்துவிட்டார்.

பதில் 1 (எலக்ட்ரீஷியன், 20 வருட அனுபவம்):
தம்பி, எம்.சி.பி.யை மாற்ற விடாதீர்கள். அது வயரைக் காப்பாற்ற இருப்பது. உள்ளே 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் ஓடும் இடத்தில் 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டால் டிரிப் ஆவது நிற்கும், ஆனால் சுவருக்குள் வயர் சூடாகி இன்சுலேஷன் உருகும். உங்கள் வீட்டு வயரிங்கில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. கட்டட வேலைக்காக வாங்கிய தற்காலிக ஈ.பி. இணைப்பிலேயே லிஃப்ட், மோட்டார், 'பி' பிளாக் மிக்சர் எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். மதியம் வேலை நடக்கும்போது ஒரு மல்டிமீட்டரை பிளக்கில் வைத்து வோல்டேஜ் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
இன்று பார்த்தேன் அண்ணா. லிஃப்ட் நிற்கும்போது 205, ஓடும்போது 178. மீட்டர் அறையில் எங்கள் வீட்டு எண் எழுதிய பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன, உள்ளே மீட்டர் எதுவும் இல்லை.

பதில் 1:
அப்போ சந்தேகமே இல்லை. இந்த அளவு கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர இணைப்பு கிடைக்காது. அதுவரை தற்காலிகக் கட்டணம்தான். வீட்டு இணைப்புக்குள்ள இலவச யூனிட்டும் கிடையாது. 178 வோல்டில் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் நாள்பட நிற்காது.

பதில் 2:
நாங்கள் இதே நிலையில் அவசரப்பட்டுச் சாவி வாங்கியவர்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.) இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்கள். அது வரும்வரை தினமும் காலை ஆறு மணிக்கு லாரி வந்து தொட்டியை உறிஞ்சும். அந்த நேரம் பால்கனிக் கதவைத் திறக்க முடியாது. லாரிச் செலவை மெயின்டனன்ஸில் எங்கள் தலையில்தான் போட்டார்கள். பக்கத்து பிளாக்கில் டைல்ஸ் அறுக்கும் தூசியில் என் மகளுக்கு இருமல் விடவே இல்லை. அதனால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டமாகப் பதிவாகும். எஸ்.டி.பி., தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் எந்தக் கட்டத்தின் கணக்கில் இருக்கின்றன என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது.

பதில் 3:
அவர்கள் நீட்டுகிற கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள் சார். "குறை ஏதும் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்" என்று ஒரு வரி இருக்கிறதா?

2016 ரெரா சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் சாவி தரும்வரை அவர்கள் உங்களுக்கு வட்டி தரவேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி அது எஸ்.பி.ஐ.யின் எம்.சி.எல்.ஆர். என்கிற கடன் வட்டி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து. கையெழுத்துப் போட்ட அன்றே அந்தக் கணக்கை முடித்துவிடப் பார்ப்பார்கள். கட்டுமானக் குறைகளை இலவசமாகச் சரிசெய்யும் ஐந்து வருடப் பொறுப்பும் ஒப்படைத்த தேதியிலிருந்துதான் ஓடும். நிலையான கரண்டே இல்லாத வீட்டில் அந்தக் காலத்தை ஏன் கரைக்கவேண்டும்? சான்றிதழ் வந்த இரண்டு மாதத்துக்குள் வீட்டை ஏற்றுக்கொள்வதுதான் உங்கள் கடமை. அது வரும் முன்னால் கட்டாயப்படுத்த முடியாது.

வங்கிக்கும் உடனே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கடைசித் தவணையை விடுவிக்கவேண்டாம் என்று. கையில் இருக்கும் பிடி அந்த 5 சதவீதம் ஒன்றுதான்.

இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கும் ஒன்று: சான்றிதழ் வந்தபிறகு முழுப்பணத்தையும் கட்டி வாங்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன்னால் வாங்கினால் பொதுவாக 5 சதவீதம்.

கேட்டவர்:
அந்த வரி இருக்கிறது சார், இரண்டாம் பக்கத்தில் ஏழாவது பத்தி. எஸ்.டி.பி. முதல் கட்டத்திலேயே இருப்பதாக ரெரா தளம் காட்டுகிறது. நேரில் அந்த இடத்தில் குழி மட்டும்தான் இருக்கிறது, படம் எடுத்துவிட்டேன். வங்கிக்கு எழுதியாகிவிட்டது. பில்டருக்கும், சான்றிதழ் எப்போது வரும், தாமத வட்டி எவ்வளவு என்று கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். 'ஏ' பிளாக்கில் இன்னும் பதினோரு குடும்பங்கள் கையெழுத்துப் போடவில்லை, எல்லோரும் வாட்ஸ்அப்பில் சேர்ந்துவிட்டோம். ஆவணியில் பால் மட்டும் காய்ச்சிவிட்டு அன்றே திரும்பிவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில் 2:
தாராளமாக. ஒரு காலைப்பொழுது பூஜைக்கு மட்டும் அனுமதி என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். சாவியை அன்றே திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கும் எழுதி வாங்குங்கள். அம்மாவை நான்கு மாடி ஏறவைக்கவேண்டாம், லிஃப்ட் ஓடும் நேரம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.